மைக் பாய் ரத்து செய்த கூட்டம்

திண்டிவனத்தில் யார் இறந்தாலும் மீரா சாகிப்பின் குரல்தான் முதலில் தெருவுக்கு வரும். ஆட்டோவின் மேல் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அது வரும்போது தோசை ஊற்றுகிறவர்கள் கரண்டியை நிறுத்திக்கொண்டு கேட்பார்கள். பெயர் தெரிந்ததும் மறுபடி ஊற்றுவார்கள். ஊர் அவரை மைக் பாய் என்றுதான் கூப்பிடும். ஆரம்பத்தில் மீரா பாய் என்று கூப்பிட்டுப் பார்த்தார்களாம். பஜனை பாடுகிற அம்மா மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம்.

பிறந்தது கோட்டக்குப்பம். ஃபாத்திமா பீவியைக் கட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். அவரிடம் மூன்று குரல் உண்டு. கடை திறப்பு விழாவுக்கு ஒன்று, வாயெல்லாம் பல் தெரிகிற குரல். மரண அறிவிப்புக்கு வேறு. அதில் பெயரைச் சொன்னதும் ஒரு மூச்சு இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில்தான் ஆள் நிஜமாகவே இறந்துபோவதாக எனக்குத் தோன்றும். மூன்றாவது கண்டன ஆர்ப்பாட்டத்துக்கு. வேலை அதிகம் வருவது அதற்குத்தான். எந்தக் கட்சி, யாரைக் கண்டித்து என்பதெல்லாம் மாறும். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்பதில் 'வன்' மேல் அவர் வைக்கிற அழுத்தம் மாறாது.

"கோவமே வராதா பாய் உங்களுக்கு?" என்று ஆட்டோ ஓட்டுகிற பச்சைமுத்து ஒருமுறை கேட்டார்.

"கோவம் அவங்களோடது. வாய் மட்டும்தான் என்னோடது. கண்டனம்னா இன்னாப்பா? பத்து மணிக்குக் கூடணும், பதினொன்னுக்கு டீ குடிச்சிட்டுக் கலையணும். நடுவுல நாலு போலீஸ்காரங்களும் நிக்கணும்."

முன்பெல்லாம் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டு போவார். இப்போது எல்லாம் பென் டிரைவ். ஆனந்தராஜின் சவுண்ட் சர்வீஸ் கடையின் பின்னறையில், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய இடத்தில், ஒரு தடவை பேசிக் கொடுத்தால் போதும். பச்சைமுத்து மட்டும் ஊர் சுற்றி வருவார். நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். முட்டை அட்டைக்கு அவர் குரலைத் தடுக்கத் தெரியாது.

காலமெல்லாம் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் காது மந்தமாகிவிட்டது. போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு, கையை நீட்டி, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். அதனால் அவர் வீட்டு விஷயம் எங்கள் கடை வரிசை முழுக்கத் தெரியும். ஊருக்கே சேதி சொல்கிறவர் தனக்கென்று ஒரு ரகசியம் வைத்துக்கொள்ள வழியில்லாமல் போய்விட்டது.

ஒரே மகன் முஆத். மரக்காணம் ரோட்டில் செல்போன் கடை வைத்திருந்தான். 'முஆத் மொபைல்ஸ்' திறப்பு விழாவுக்கு அப்பாவே பேசினார். "உங்கள்... முஆத் மொபைல்ஸ்!" என்று அந்தப் பெயரை அவர் தூக்கிய தூக்கில் எதிர்க்கடை நாய் எழுந்து உட்கார்ந்ததை இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள். கடை ஓடவில்லை. முஆத் ஒரு வளைகுடா நாட்டுக்கு எலக்ட்ரீஷியனாகப் போனான்.

போன வெயில் காலத்தில் அவன் இருந்த தொழிலாளர் முகாமில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கேட்டும் யாரும் வந்து பார்க்கவில்லை. முஆத் போனைப் பிடித்துக்கொண்டு குழாயைத் திறந்து காட்டினான். காற்று வந்தது. "பாத்துக்குங்க மக்களே, எங்க ஊட்டுத் தண்ணி" என்று அப்பாவின் திறப்பு விழாக் குரலில் சொல்லிச் சிரித்தான். இணையத்தில் அவன் போட்ட வீடியோ அவ்வளவுதான். நாட்டின் பெயரைக் கெடுத்ததாக வழக்குப் போட்டு அவனை உள்ளே வைத்தார்கள். இரண்டு வருடத் தண்டனை.

அப்போது யாருக்கும் அது செய்தியாகவில்லை. மாதங்கள் கழித்து, வேறெதற்கோ இரண்டு நாடுகளுக்கும் மனஸ்தாபம் வந்தபோதுதான் தில்லிக்கு அந்தக் குழாய் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு சாயங்காலம் டிவியில் எல்லாச் சேனலிலும் முஆத் குழாயைத் திறந்தான். 'அந்நாட்டில் இந்தியத் தொழிலாளர்களின் மனித உரிமை நிலை குறித்து இந்தியா ஆழ்ந்த கவலை தெரிவித்துள்ளது' என்று கீழே எழுத்து ஓடியது.

மறுநாள் ஃபாத்திமா பீவி தூக்குச்சட்டியில் சேமியாப் பாயசம் எடுத்துக்கொண்டு கடை கடையாக வந்தார்.

"எடுத்துக்க தம்பி. நம்ம புள்ளைக்காக டில்லியே கவலப்படுதாம். டிவில போட்டான் பாத்தியா? ஆழ்ந்த கவலையாம். பெத்த நானே அவ்ளோ ஆழமா பட்டிருப்பனான்னு தெரில."

நான் வாங்கிக் குடித்தேன். முந்திரி போட்டிருந்தார். மீரா சாகிப் ஆனந்தராஜ் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மனைவி தெரு முனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்:

"கவலப்படறது வேற, கவல தெரிவிக்கிறது வேற. அது நம்ம சரக்கு. அவளுக்கு எப்பிடிச் சொல்றது?"

இரண்டு நாளில் அந்த நாட்டிலிருந்து பதில் வந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் மைக் முன்னால் நின்று, இது எங்கள் உள்விவகாரம் என்றார். சாக்கடைக் குழிக்குள் மனிதர்களை இறக்கிச் சாகவிடுகிற நாடு எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்றார். நம் பக்கம், இது ஆதாரமற்றது, முற்றிலும் நிராகரிக்கிறோம் என்றார்கள். அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். நாம் கண்டனம் தெரிவித்தோம்.

ஆனந்தராஜ் கடையின் சின்ன டிவியில் மீரா சாகிப் இதையெல்லாம் நின்றபடியே பார்த்தார். தலையைச் சாய்த்து, சக தொழிலாளி வேலை செய்வதைப் பார்க்கிற மாதிரி.

"இவரு பரவால்ல. மூச்சு எங்க வாங்கறாருன்னே தெரில பாரு" என்றார் கோட்டுக்காரரைக் காட்டி.

"பாய், அவன் நம்ம நாட்ட கேவலமாப் பேசறான், நீங்க மூச்சப் பத்திப் பேசறீங்க" என்றார் ஆனந்தராஜ்.

"சாக்கடக் குழில செத்தவங்களுக்கு இதே ஊர்ல கண்டனம் போட்டாங்களே, யாருப்பா பேசினது? நான்தானே. அவன் சொல்றதும் நெஜந்தான். நம்மாளுங்க, அங்க கொழாய்ல தண்ணி வரலன்றதும் நெஜந்தான். ரெண்டு பேரும் நெஜத்த எடுத்துக்கினு எதுக்கு ஒருத்தன் மண்டையில ஒருத்தன் அடிச்சிக்கிறானுங்கன்னுதான் புரியல. நடுவுல எம்புள்ள நிக்கிறான்."

நோன்பு தொடங்கிய வாரம் அந்தப் போன் வந்தது. அங்கே வேலை செய்கிற கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர், சிறைக்குப் போய்வந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு உதவுகிறவர். வழக்கம் போல் கை நீட்டிய தூரத்தில் போன்.

"பாய், ஒரு நல்ல சேதி. பெருநாளுக்கு மன்னிப்புக் குடுத்து விடறாங்க இல்ல, அந்த லிஸ்ட்ல தம்பி பேரு இருக்குது. இன்னும் கையெழுத்தாவல. அதுவரைக்கும் ஊர்ல சத்தம் வேணாம். அங்க எவனாச்சும் மைக்கப் புடிச்சான்னா இங்க பேர அடிச்சிடுவானுங்க. இப்ப நெலம அப்பிடி."

"மைக்கப் புடிக்கிறவனே நான்தாம்பா" என்றார் மீரா சாகிப். அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. இந்தப் பக்கம் அவர் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் கடையில் சக்கரபாணி அடையாள அட்டைகளை லேமினேஷன் செய்யக் கொடுத்துவிட்டு நின்றிருந்தார். ஏதோ ஓர் அகில உலக மனித உரிமை இயக்கத்தின் மாவட்டச் செயலாளர். காரின் முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் மனித உரிமை என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். டோல்கேட்டில் அது நன்றாக வேலை செய்யும் என்பார்கள். கெட்டவர் இல்லை. தாலுகா ஆபீஸில் யாருக்காவது வேலை நடக்கவில்லை என்றால் கூடப் போய்ச் சத்தம் போட்டு முடித்துக் கொடுப்பார். சத்தத்தில் அவருக்கு உண்மையான நம்பிக்கை இருந்தது. சூடு ஆறாத அட்டைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார்.

"பாய்! டிவில காட்டினானே, அது உங்க புள்ளையா? சொல்லவே இல்ல? திங்கக்கெழம பழைய பஸ் ஸ்டாண்டு எதுர்ல வெச்சிர்றேன் ஒரு கண்டன ஆர்ப்பாட்டம். கூட்டேரிப்பட்டுலேருந்து, பிரம்மதேசத்துலேருந்தெல்லாம் ஆளு எறக்கறேன்."

"வேணாங்க. இப்பத்தான் அங்கேருந்து சொன்னாங்க, சத்தம் வேணாம்னு."

"அப்பிடித்தான் பயமுறுத்துவானுங்க. நாம பயந்தா அவன் ஏறி மேய்வான். இது உங்க புள்ள விசயம் மட்டும் இல்ல பாய்."

"பின்ன யாரு விசயம்?"

"மனித உரிமை விசயம்."

"அந்த மனுசன் எம்புள்ளைதாங்க. அவன் வந்துரட்டும். அப்பறம் நீங்க வருசம் பூரா கண்டிங்க, காசு வாங்காம நானே பேசித் தர்றேன். இப்ப வேணாம். கால்ல வேணாலும் உழறேன்."

"ஐய, இன்னா பாய் பெரிய வார்த்தயெல்லாம்" என்று சக்கரபாணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்காமலே, "சரி, யோசிக்கிறேன்" என்றார்.

மீரா சாகிப் அதற்கு மேல் கெஞ்சவில்லை. தன் வாய் இல்லாமல் இந்த ஊரில் எந்தக் கூட்டமும் நடந்ததில்லை என்ற தைரியம் அவருக்கு. "நான் பேசித் தரலன்னா ஊருக்கு எப்பிடித் தெரியும்? அவ்ளோதான், முடிஞ்சிது" என்று ஆனந்தராஜிடம் சொன்னார். ஆனந்தராஜ் ஒயரைச் சுற்றிக்கொண்டே தலையாட்டினார்.

அவருடைய வாய் ஆனந்தராஜின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே வருடக்கணக்கில் சேர்ந்து கிடந்தது. அது எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை மதியம். மாசி வெயிலில் தார் ரோடு பளபளத்துக்கொண்டிருந்தது. மீரா சாகிப் எங்கள் கடை நிழலில் உட்கார்ந்திருந்தார். நோன்பு பிடித்த உதடு வெள்ளை பூத்திருந்தது. தூரத்திலிருந்து ஆட்டோ சத்தம் வந்தது; அவருடைய கண்டனக் குரல். அவர் தலையைத் தூக்கவில்லை. எந்தக் கட்சிக்கோ எப்போதோ பேசியது என்று நினைத்திருப்பார். ஆட்டோ முனை திரும்பியது.

"மாபெரும் கண்டன ஆர்ப்பாட்டம்! அந்நிய மண்ணில் அநியாயமாகச் சிறையில் வாடும் நமது மண்ணின் மைந்தன்... முஆத்... அவர்களை உடனே விடுதலை செய்! விடுதலை செய்!"

எல்லாம் அவர் குரல்தான். முன்னாலும் பின்னாலும் இருந்தது கோபம். நடுவில் அந்த ஒரு பெயர் மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தது. ரோஜாப்பூ மாலையும் பலூனும் கட்டிய வாசலிலிருந்து அதை அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்து நட்டிருந்தார்கள்.

அவர் எழுந்து நின்றார். ஆனந்தராஜ் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"பாய், கோச்சிக்காதீங்க. சக்கரபாணி அண்ணன் ரொம்ப பேஜாரு பண்ணிட்டாரு. கண்டனம் ஸ்டாக்குல இருந்துது, வெளிநாட்டு ஜெயில்ல இருந்த மீனவருக்கு நீங்க பேசினது. பேரு மட்டும்... தம்பி கடத் தெறப்பு ஃபைல்லேருந்து எடுத்தேன். மொபைல்ஸ வெட்டிட்டேன்."

"சத்தமில்லாம வெட்டினியா?"

"ஆமாம் பாய். ஒட்டு தெரில இல்ல?"

மீரா சாகிப் அவரை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஆட்டோவை நோக்கி நடந்தார். பச்சைமுத்து வண்டியை நிறுத்தி, பென் டிரைவையும் நிறுத்தினார்.

"அந்த மைக்க எடு."

"பாய், மைக்கு டேஷ் போர்டுல கெடக்குது, எடுத்து எவ்ளோ நாளாச்சி... ஓனரு திட்டுவாரு பாய்."

"திட்டட்டும். வண்டிய எடு. ஜல்தி."

ஆனந்தராஜ் தடுக்கவில்லை. பின் சீட்டில் குழாய்க்குக் கீழே அவர் உட்கார்ந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். கூட்டத்தைக் கூட்டித்தான் அவருக்குப் பழக்கம்; நிறுத்துவதற்கென்று ஒரு குரல் அவரிடம் இல்லை. கடைசியில் மரண அறிவிப்புக் குரலை எடுத்தார்.

"திங்கட்கிழமை காலை பழைய பேருந்து நிலையம் எதிரில் நடைபெறுவதாக இருந்த கண்டன ஆர்ப்பாட்டம்... தவிர்க்க முடியாத காரணங்களால்... ரத்து செய்யப்பட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

பென் டிரைவ் போன தெருவெல்லாம் போனார். பிறகு நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டு, அங்கிருந்து திரும்பி பிரம்மதேசம். எச்சிலை விழுங்கினாலே தொண்டை நோகும் வெயிலில், தண்ணீர் குடிக்க முடியாமல், சூரியன் சாயும்வரை சொல்லிக்கொண்டே போனாராம். பச்சைமுத்து பிறகு சொன்னார். பிரம்மதேசத்தில் வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து ஓர் அம்மா ஓடி வந்து, "யாரு பாய் செத்துட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"கூட்டம்மா. கூட்டம் செத்துருச்சி. நீ போய்க் களையெடு."

ஊர் அவர் குரலை நம்பியது. திங்கட்கிழமை பத்து மணிக்கு சக்கரபாணியோடு விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் ஆட்கள் இருந்தார்கள். போலீஸ்காரர்கள் அதைவிட அதிகம். துணி பேனரில் முஆத் குழாயைத் திறந்துகொண்டிருந்தான். சக்கரபாணி சளைக்காமல் கோஷம் போட்டார். பதில் கோஷம் மெலிதாக வந்தது. அப்புறம் எங்கள் கடைப் பக்கம் வந்து, மீரா சாகிப்பைப் பார்த்துக் கத்தினார்.

"புள்ளைக்காகக் கூடற கூட்டத்த அப்பனே கலைச்ச கத எங்கனா உண்டா பாய்? ரவ்வோண்டு சூடு சொரண வேணாம்?"

மீரா சாகிப் வேட்டியின் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் தட்டினார்.

ஆனால் சக்கரபாணி, இருந்த ஆட்களை நெருக்கி நிற்கவைத்து, கூட்டம் மாதிரி தெரிய ஒரு போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். அது எங்கெங்கோ போயிற்று. கூட்டமும் நடக்கவில்லை, சத்தமும் நிற்கவில்லை.

பெருநாளுக்கு முந்தைய நாள் லிஸ்ட் வந்தது. முஆத் பெயர் இல்லை. கோட்டக்குப்பத்துக்காரரின் குரல் ஸ்பீக்கரில் தயங்கித் தயங்கி வந்தது.

"அந்தப் போட்டோவாலயா, ரெண்டு கவர்மெண்டும் அடிச்சிக்கினதாலயா, ஒன்னும் புரில பாய். நடுவுல ஆபீசரு மாறிட்டாருன்னும் சொல்றாங்க. யாரையும் கேக்க முடியாது."

"சரிப்பா. நீ நோன்பு தொற, நேரமாச்சி" என்றார் மீரா சாகிப்.

பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் இரண்டு நாட்டு மந்திரிகளும் மூன்றாவது ஒரு நாட்டில் சந்தித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எண்ணெய், துறைமுகம் என்று கூட்டறிக்கை வந்தது. மக்களுக்கிடையேயான பழமையான உறவு என்று அதில் ஒரு வரி இருந்தது. கவலையைக் காணோம். சாக்கடைக் குழியையும் காணோம், குழாயையும் காணோம்.

ஆனந்தராஜின் டிவியில் அதைப் பார்த்த மீரா சாகிப், "கூட்டம் கலஞ்சிருச்சி. டீ குடிக்கப் போய்ட்டாங்க" என்றார். வீட்டில் ஃபாத்திமா பீவி செய்தி பார்ப்பதை நிறுத்திவிட்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் முஆத் கூப்பிட்டான். சிறையிலிருந்து பேச விடும் நாள். மீரா சாகிப் ஒரு பாத்திரக்கடைத் திறப்புக்குப் பேச வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கால் செருப்போடு நின்றபடி போனை நீட்டிப் பிடித்தார்.

"அத்தா, லிஸ்ட்ல வரல."

"தெரியும்பா."

"முழுசும் இருந்துட்டுத்தான் வரணும் போலக்குது."

"இருந்துட்டு வா. ஒடம்பப் பாத்துக்க. அம்மா நல்லாக்கிறா."

பிறகு அவன் கேட்டான், விளையாட்டாகக் கேட்கிற மாதிரி.

"இங்க ஒரு மலையாளி சொன்னான். நம்ம ஊர்ல எனக்காக மீட்டிங் வெச்சாங்களாமே, அத்தா?"

"ம்."

"ஆளே வரலியாமே?"

மீரா சாகிப் வாயைத் திறந்தார். திறப்பு விழாக் குரல் வரவில்லை, மற்ற இரண்டும் வரவில்லை. உள்ளே ஆனந்தராஜ் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த பச்சைமுத்து துணியோடு அப்படியே நின்றார்.

"மழையா அத்தா?" என்றான் முஆத்.

வெளியே பங்குனி வெயில். எதிர்க்கடைக்காரர் தகரப் பந்தல் கொதிக்கிறதென்று அதன் மேல் சாக்கை நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாப்பா" என்றார் மீரா சாகிப். "மழ. சரியான மழ."

"அதான பாத்தேன்" என்றான் முஆத். சிரித்தான். அதோடு லைன் போய்விட்டது.

ஸ்பீக்கரில் இருந்ததால் அந்த மழையை எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது. யாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.